அயலட்டையில அன்பு எண்டா கையால என்ன செய்யிறது? திருகோணமலை உப்புவெளிப் பக்கம் இருக்கிறவை சொல்லுங்கோ

வேலிக்கரை:

பிறனில அன்புகூரு எண்டு ஞாயிற்றுக்கிழமை கேக்கிறம். திங்கக்கிழமை காலமை வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு என்ன செய்யிறது எண்டுதான் ஒருத்தரும் சொல்லினமில்லை.

எங்கட ஜெபக்குழுவில எட்டுக் குடும்பம். மாரி தொடங்க முதல் ஒவ்வொரு வீடும் தன்ர வளவைச் சுத்தியிருக்கிற நாலு வீட்டைப் பாத்துக்கொள்ளுறது எண்டு முடிவு. என்ர நாலு வீடு இது: இடப்பக்கம் தனிய இருக்கிற சைவ அம்மா, 74 வயசு, சீனியும் பிறஷரும், பிள்ளையள் கனடாவில. வலப்பக்கம் முஸ்லிம் குடும்பம், வயசான வாப்பாவும் சின்னப் பிள்ளையள் மூண்டும். பின்பக்கம் சிங்களக் குடும்பம், மதிலோரம் ஓடுற மழைத்தண்ணியால முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. முன்னுக்குக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம், கடன் கழுத்துமட்டும் எண்டு கேள்வி.

சாப்பாடு குடுக்கிறதெண்டா ஆருக்கு என்ன குடுக்கலாம்? மதம் மாத்த வந்தவை எண்டு நினைக்காமல் எப்பிடிப் போறது? மழைக்கு முதல் செய்யவேண்டியது என்ன? வசனம் எனக்கும் தெரியும், செய்முறை சொல்லுங்கோ.

---

அடுப்படி:

சாப்பாட்டிலதான் கன பேர் சறுக்கிறது. நத்தார் கேக்கை எடுங்கோ. எங்கட ரிச் கேக்கில பிறண்டி ஊறியிருக்கும், முட்டை டசின் கணக்கில போகும். முஸ்லிம் வீட்டில அதைத் தொடமாட்டினம். சைவ வீட்டிலயோ அந்த நாளுக்குக் கிட்டத்தான் திருவெம்பாவை வரும், பத்து நாள், விரதகாரர் முட்டை சேர்க்க மாட்டினம். நாங்கள் சந்தோசமாக் குடுப்பம், அவை மரியாதைக்கு வாங்கி வைப்பினம், பிறகு அது காகத்துக்கு. மனம் நோகாத கள்ளம் ரெண்டு பக்கமும்.

அந்த அம்மாவுக்குச் சமைக்காத சாமான் குடுங்கோ: கதலிப்பழம் ஒரு சீப்பு, ரெண்டு தேங்காய், ஒரு பிடி முருங்கையிலை, வளவில காய்ச்ச கத்தரிக்காய். எங்கட சட்டியில மீன் வெந்ததோ எண்டு அவ யோசிக்கத் தேவையில்லை. சீனி வருத்தக்காரி எண்டபடியால் பழத்திலயும் அளவு பாருங்கோ, மாம்பழக் கூடையோட போகவேண்டாம். இன்னொண்டு, வெள்ளிக்கிழமையில மீன் கழுவின தண்ணி அவவின்ர வேலிப்பக்கம் ஓடவிடாதேங்கோ. கேக் குடுக்கிறதிலும் இது பெரிசு.

முஸ்லிம் வீட்டுக்குப் பழம், முட்டை, ஹலால் அடையாளம் போட்ட பிஸ்கற் பக்கெற் எல்லாம் சரி. வீட்டில செய்யிறதெண்டா ஜெலி, மாஷ்மலோ வேண்டாம், ஜெலற்றின் எதில இருந்து வந்தது எண்டு உங்களுக்கே தெரியாது. வனிலா எசன்ஸிலயும் அற்ககோல் இருக்கிறதுண்டு, போத்தலை வாசிச்சுப் பாருங்கோ. நோன்பு மாசத்தில குடுக்கிறதெண்டா நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு (பொழுதுபடேக்க சொல்லுற தொழுகை அழைப்பு) அரை மணித்தியாலம் முதல் போய்ச் சேரவேணும். பாங்கு சொல்லேக்க கதவைத் தட்டினா அந்த மனிசி தண்ணி குடிக்கிறதா, உங்களை வரவேற்கிறதா? அவை கஞ்சி தந்தா வாங்கிக் குடியுங்கோ. குடுக்க மட்டும் தெரிஞ்சு வாங்கத் தெரியாத ஆளோட ஒருத்தரும் அயலா இருக்க விரும்பமாட்டினம்.

பாத்திர விசயமும் இருக்கு. எங்கட ஊரில வெறுஞ்சட்டியைத் திருப்பிக் குடுக்க மனம் வராது. சீனி ஒரு பிடியாவது போட்டுத்தான் தருவினம். கடன்பட்ட வீட்டுக்கு நல்ல மூடிச்சட்டியில கறி குடுத்தா, அதைத் திருப்பித் தரேக்க என்ன போடுறது எண்டு அந்தத் தாய் யோசிச்சுக்கொண்டிருப்பா. அங்க வாழையிலையிலயோ, பழைய ஐஸ்கிறீம் டப்பாவிலயோ குடுத்து, “டப்பா வேண்டாம், எறிஞ்சிடுங்கோ” எண்டு சொல்லிடுங்கோ.

செத்தவீடு எண்டா வேற கணக்கு. சைவ வீட்டில பிரேதம் எடுக்கும்வரைக்கும் அடுப்பு மூட்டமாட்டினம். அப்ப தேவைப்படுறது கறியில்லை, தேத்தண்ணி. வாறவைக்கு ஐம்பது அறுபது பிளேன்ரீ உங்கட அடுப்பில இருந்து போனாலே பெரிய உதவி. கதிரை, தண்ணிப் போத்தல், சின்னப் பிள்ளையளை உங்கட வீட்டில வைச்சிருக்கிறது. பிறகு அந்தியேட்டி, 31ஆம் நாள்மட்டும் அனுப்புறது மரக்கறிதான். முஸ்லிம் வீட்டில ஜனாஸா அநேகமா அண்டைக்கே அடக்கம், பின்னேரம் போவம் எண்டு நிண்டா முடிஞ்சிருக்கும். கணவனை இழந்தவ நாலு மாசமும் பத்து நாளும் இத்தா எண்டு வீட்டோட துக்கம் காத்து இருப்பா, அந்த நேரம் உங்கட வீட்டுப் பொம்பிளையள் போகட்டும், ஆம்பிளையள் வாசலோட நிக்கட்டும். சிங்கள வீட்டில ஏழாம் நாள் தானத்துக்குச் சாமான் குடுக்கலாம், வெள்ளை உடுப்போட போங்கோ.

---

பத்தாம் அதிகாரம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நமது புரொட்டஸ்தாந்து வேதாகமத்தில் “பிறன்” என்றும், கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் “அடுத்திருப்பவர்” என்றும் இருக்கிறது. லேவியராகமம் 19:18இல் உள்ள எபிரெயச் சொல் “ரேயா”, தோழன், கூட இருப்பவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. அதே அதிகாரத்தின் 34ஆம் வசனம் அந்நியனையும் அப்படியே நேசிக்கச் சொல்கிறது. ஆகவே “நம்முடைய ஆட்கள்” என்று வேலி போட அந்த அதிகாரத்திலேயே இடமில்லை.

லூக்கா 10இல், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு, யூதர் வேற்றாளாக எண்ணிய சமாரியன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். கிட்ட வந்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் ஓர் இரவு பார்த்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். மத்தேயு 20இல் திராட்சத் தோட்டக் கூலியாளுக்கு ஒருநாள் கூலி ஒரு பணம், எனவே இது இரண்டு நாள் கூலி. மிகுந்தால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். அவன் தன் பயணத்தைக் கைவிடவில்லை. பராமரிப்பைத் தெரிந்தவனிடம் ஒப்படைத்து, செலவுக்கு ஒரு தொகை வைத்து, திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தான். சமாரியரின் ஆலயமலை எது, யூதரின் ஆலயமலை எது என்ற தர்க்கத்தை அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் தொடங்கியதாக ஒரு வரிகூட இல்லை.

சந்தேகம் ஏன் வருகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று 2004இல் நமது பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதே ஆண்டு டிசெம்பர் 26இல் கடல் வந்தது. அப்போது நிவாரணத்தோடு சமயத் துண்டுப்பிரசுரமும் வந்தது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக்கோவையின் மூன்றாவது விதியே, உதவியை எந்த அரசியல், சமயக் கொள்கையையும் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான். பல திருச்சபை அமைப்புகளும் அதில் கையொப்பமிட்டவை.

எனவே: எட்டுப் பேராகப் போகாதீர்கள், ஒருவர் அல்லது இருவர் போதும். பொதியில் சபையின் பெயர் வேண்டாம். படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். மத்தேயு 6:3 இடது கைக்கே தெரியக்கூடாது என்கிறது, குழுவில் 200 பேருக்குத் தெரியலாமா? சபை அழைப்பிதழையும் உதவியையும் ஒரே நாளில் ஒரே கையில் கொண்டுபோகாதீர்கள். அரிசிப் பொதியோடு வரும் அழைப்பை மறுக்கும் சுதந்திரம் பசித்தவனுக்கு இல்லை.

---

ஒழுங்கைமுனை:

ஐயா சொன்னதில பாதிக்கு ஆமென். மிச்சப் பாதியில சின்ன மறுப்பு. கிறிஸ்தவன் எண்டதை ஒளிச்சுக்கொண்டு போறதும் ஒருவகைக் கள்ளம்தான். “ஏன் பிள்ளை இதெல்லாம் செய்யிறாய்?” எண்டு அந்த அம்மா கேட்டா, “சும்மா” எண்டு சொல்லக்கூடாது. “எங்கட வேதத்தில அயலவரைப் பாக்கச் சொல்லியிருக்கு அம்மா” எண்டு ஒரு வசனத்தில சொல்லி முடிக்கலாம். கேளாத கேள்விக்கு மறுமொழி சொல்லுறதுதான் பிழை.

---

வேலிக்கரை:

நன்றி ஐயா, நன்றி அண்ணை. அம்மா வருத்தமாக் கிடந்தா பக்கத்தில இருந்து ஜெபிக்கலாமோ?

---

பத்தாம் அதிகாரம்:

ஒருமுறை கேளுங்கள்: “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா அம்மா?” அவர் தலையாட்டினால் அரை நிமிடம், தாழ்ந்த குரலில். தயங்கினால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள், அங்கேயும் கேட்கும். சாமியறைப் பக்கம் நின்று செய்யாதீர்கள், தலையில் கைவைக்காதீர்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

---

கிணத்தடி:

மழைக்கு முதல் செய்யவேண்டியது எண்டு கேட்டீங்கள். என்ர பார்வையில கறிச்சட்டியை விட இதுதான் முதல் அன்பு, ஏனெண்டா உங்கட வளவில நீங்கள் விடுற பிழை அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

நுளம்பு. டெங்கு நுளம்பு அநேகமா நூறு இருநூறு மீற்றருக்குள்ளதான் சுத்தும். உங்கட சிரட்டையில பிறந்தது கடிக்கிறது பக்கத்து வீட்டு மூண்டு பிள்ளையளைத்தான். 2017இல டெங்கால கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். முட்டையில இருந்து பறக்கிறவரைக்கும் ஏழு தொடக்கம் பத்து நாள், அதால கிழமைக்கு ஒருக்கா, ஒரே கிழமைநாளில பாக்கவேணும்: பூச்சாடித் தட்டு, பிறிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, பீலி, பழைய ரயர், கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி. தண்ணியை ஊத்தினா மட்டும் காணாது, உள்விளிம்பில முட்டை காய்ஞ்சு ஒட்டியிருக்கும், தும்புத்தடியால தேய்ச்சுக் கழுவுங்கோ. அம்மாவின்ர பீலியில ஏணி வைச்சு ஏற அவவால ஏலாது. அது உங்கட வேலை.

ஆருக்கும் காய்ச்சல் வந்தா பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். மூண்டாம் நாள் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டவுடன சுகம் எண்டு நினைக்கிறதுதான் பிழை விடுற இடம். ஆபத்தான கட்டம் அப்பத்தான் தொடங்கிறது. வயித்துநோ, ஓயாத சத்தி, சோர்வு எண்டா ஆஸ்பத்திரி.

கிணறு. உப்புவெளி மணல் நிலம். நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. வெள்ளம் கிணத்துக்குள்ள போனா எல்லாரும் செய்யிற முதல் காரியம் பெரிய பம்ப் வைச்சு இறைச்சு வெறுமையாக்கிறது. செய்யாதேங்கோ. மேல இருக்கிற நல்ல தண்ணி ஓரடி இறங்கினா, கீழ உப்புத்தண்ணி கணக்கின்படி நாப்பது அடி ஏறப் பாக்கும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில கன கிணறு இறைச்சு இறைச்சே உப்பாப் போனது. சுத்தி நிலம் ஊறியிருக்கேக்க உள்ளுக்குத் தண்ணி இல்லாட்டி கட்டும் உள்ள சரியலாம். வெள்ளம் வத்தவிட்டு, மிதக்கிற குப்பையை அள்ளிப்போட்டு, மெல்ல மெல்ல இறையுங்கோ.

பிறகு குளோரின். கிணத்தின்ர குறுக்களவு அடியில, தண்ணி ஆழம் அடியில எடுங்கோ. குறுக்களவை அதாலேயே பெருக்கி, ஆழத்தால பெருக்கி, 22ஆல பெருக்கினா லீற்றர் வரும். அஞ்சடிக் கிணறு, நாலடித் தண்ணி எண்டா 5 × 5 × 4 × 22, அதாவது 2200 லீற்றர். 30 வீதப் பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லீற்றருக்கு 67 கிராம், அப்ப இதுக்கு 150 கிராம். பிளாஸ்ரிக் வாளியில தண்ணியை முதல் எடுத்து அதுக்குள்ள தூளைப் போடுங்கோ, தூளுக்குமேல தண்ணி ஊத்தாதேங்கோ. கலக்கி, சுண்ணாம்பு அடியில இறங்கவிட்டு, தெளிஞ்சதை மட்டும் கிணத்துக்குள்ள ஊத்தி, வாளியால பத்துப் பதினைஞ்சு தரம் மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கோ. பின்னேரம் போட்டா விடியும்வரை ஒருத்தரும் அள்ளக்கூடாது. காலமை மணம் போகும்வரைக்கும் மெதுவா இறையுங்கோ. இதால கிருமி சாகும், உப்புப் போகாது. அதுக்குப் பிறகும் குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆத்துங்கோ.

ஒரு வீட்டுக் கிணத்துக்கு மட்டும் செய்து வேலையில்லை, மணலுக்குக் கீழ தண்ணிக்கு வேலி கிடையாது. நாலு கிணத்தையும் ஒரே நாளில செய்யுங்கோ. பீ.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முன்கூட்டிச் சொல்லி வையுங்கோ. உங்கட மலகூடக் குழி அடுத்த வளவுக் கிணத்துக்கு ஐம்பது அடிக்குள்ள இருந்தா, அன்பைப்பற்றிக் கதைக்க முதல் அதைப் பாருங்கோ.

2020 டிசெம்பர் 2 இரவு புரவிப் புயல் எங்கட மாவட்டத்திலதான் கரை ஏறினது. அண்டைக்கு மாதிரி அறிவித்தல் வந்தா நாலு வீட்டையும் ஆர் தட்டிச் சொல்லுறது, அம்மா எந்த வீட்டுக்கு வாறது, அடையாள அட்டையும் மருந்தும் எந்தப் பைக்குள்ள எண்டு இப்பவே பேசி வையுங்கோ. அனர்த்த முகாமை 117.

---

இரவுப்பணி:

தனிய இருக்கிற அம்மாவைப்பற்றி. ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் போய் இருக்காதேங்கோ, நீதிமொழிகள் 25:17 அடிக்கடி அயலான் வீட்டில கால்வைக்காதே எண்டுதான் சொல்லுது. தினமும் செய்யக்கூடியது வேலிக்கு மேலால பாக்கிறது. அவ வழமையா ஆறு மணிக்கு முற்றம் கூட்டுறவ எண்டா, ஏழு மணிக்கும் ஈர்க்குக் கோடு மணலில இல்லாட்டி கூப்பிடுங்கோ. விடிஞ்சும் வாசல் லைற் எரியுது, பூ ஆயேல்லை, பின்னேரம் விளக்கு வைக்கேல்லை, இதெல்லாம் அடையாளம். காலமை ஒரு மிஸ்கோல், வராட்டி நான் வருவன் எண்டு பேசி வைச்சா அவவுக்கும் பாரமில்லை. வெளிக்கதவுத் திறப்பு ஒண்டு உங்களிட்ட இருக்கட்டும், கனடாவில இருக்கிற பிள்ளையளுக்கு அது தெரிஞ்சிருக்கவேணும். பிறகு ஒரு சொல் வரக்கூடாது.

சீனி இறங்கினா: வேர்வை, நடுக்கம், குழம்பின கதை. முழிப்பா இருந்தா மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ, 15 நிமிசத்தில தெளியாட்டி இன்னொருக்கா. நினைவு இல்லாட்டி வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க ஏலாட்டிலோ, பேச்சுக் குழறினாலோ, எத்தனை மணிக்குத் தொடங்கினது எண்டு எழுதுங்கோ, டொக்டர் கேக்கிற முதல் கேள்வி அதுதான். 1990 அம்புலன்ஸ் இலவசம். கூப்பிட்டா ஒழுங்கைப் பேர் மட்டும் சொல்லாமல் கோயில், கடை எண்டு அடையாளம் சொல்லி, ஒருத்தரை றோட்டு முனையில நிப்பாட்டுங்கோ. கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் கையோட போகவேணும்.

குளிசையை நீங்கள் மாத்திக் குடுக்கவேண்டாம். “என்ர அம்மாவுக்கும் இதே பிறஷர்தான்” எண்டு குளிசை பகிர்ந்தா அது அன்பில்லை, ஆபத்து. கிளினிக் நாளுக்கு ஓட்டோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், லைனில பக்கத்தில இருங்கோ. பெரியாஸ்பத்திரி லைனில தனிய இருக்கிறதுதான் வயசான ஆக்களுக்கு வருத்தத்திலும் பெரிய வருத்தம். மனம் சோர்ந்து “நான் இருந்து என்ன” எண்டு சொல்லத் தொடங்கினா, 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

---

ஒழுங்கைமுனை:

பின்வீட்டு மதில் விசயத்தை ஏன் மூண்டாவதா எழுதியிருக்கிறீங்கள்? அதுதான் முதலாவது. கதையாத வீட்டை விட்டிட்டு மற்ற மூண்டு வீட்டுக்கும் பழம் கொண்டு திரிஞ்சா, பின்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால பாத்துக்கொண்டுதான் இருப்பினம்.

முதல் மழை நாளில உங்கட கூரைத்தண்ணி எங்க விழுது எண்டு குடை பிடிச்சுக்கொண்டு பாருங்கோ. அவையின்ர பக்கம் விழுந்தா பீலி பூட்டி, உங்கட வளவுக்குள்ளயே குழி வெட்டி, சல்லிக்கல் நிரப்பி மணலில ஊறவிடலாம், கிணத்துக்குத் தள்ளி. கேளாமலே உங்கட செலவில செய்யுங்கோ. செய்து முடிச்சிட்டுப் போய்க் கதையுங்கோ. பேச்சு முந்தி வேலை பிந்தி எண்டா, அது திரும்பவும் வாக்குவாதம். எல்லையே பிரச்சினை எண்டா கோட்டுக்கு முதல் மத்தியஸ்த சபை இருக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ வந்தது. சட்டத்தரணி வரேலாது, ரெண்டு பகுதியும் நேர கதைக்கவேணும். சிங்களமும் தமிழும் தெரிஞ்ச ஒருத்தரை, சபை ஆளா இல்லாமல், கூட வைச்சிருங்கோ.

ஜெபக்குழுவின்ர மைக்கும் அவைக்குக் கேக்கும். இரவு 10 தொடக்கம் காலமை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி குடுக்கக்கூடாது எண்டு உயர் நீதிமன்றம் 2007இல சொல்லியிருக்கு, ஆனா அதுக்கு முதலே நீதிமொழிகள் 27:14 சொல்லிப்போட்டுது, விடியப்புறம் உரத்துச் சொல்லுற ஆசீர்வாதம் சாபமா எண்ணப்படும் எண்டு. எட்டுக் குடும்பத்துக்கு மைக் என்னத்துக்கு?

மீன்பிடிக் குடும்பத்துக்கு: கடன் எண்டு குடுத்து உறவைக் கெடுக்காதேங்கோ. திரும்பி வராட்டியும் பறவாயில்லை எண்ட தொகையைக் குடுத்திட்டு மறந்திடுங்கோ. குழுக்கடனுக்குப் பிணை நிக்கவேண்டாம், ஒரு தவணை தவறினா ஒழுங்கை முழுக்கப் பகை. கடலுக்குப் போக ஏலாத காத்துக் காலத்தில பிள்ளையின்ர கொப்பி, சப்பாத்து, வான் காசு, இதுகளை நேர கட்டிவிடலாம். அரசாங்க உதவிக் காசான அஸ்வெசும விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் விட்டிருந்தா, கூட இருந்து நிரப்பிக் குடுக்கிறது காசிலும் பெறுமதி.

---

வேலிக்கரை:

நாளைக்கே பீலியைப் பாக்கிறன். கிணத்தடி அண்ணை, கடையில கிடைச்ச குளோரின் ரின்னில 65 வீதம் எண்டு போட்டிருக்கு. அதே 150 கிராம்தானோ?

---

கிணத்தடி:

இல்லை, பாதிக்கும் குறைய. 65 வீதம் எண்டா ஆயிரம் லீற்றருக்கு 31 கிராம், உங்கட 2200க்கு 68, எழுபது எண்டு வையுங்கோ. தராசில நிறுங்கோ, கரண்டிக் கணக்கு வேண்டாம். ரின்னுக்குள்ள ஈரக் கரண்டி போடக்கூடாது, கக்கூஸ் கழுவுற அசிட் போத்திலுக்குப் பக்கத்திலயும் வைக்கக்கூடாது, ரெண்டும் சேர்ந்தா நச்சுப்புகை. மிஞ்சினதை இறுக்கி மூடி நிழலில வையுங்கோ, திறந்து கிடந்தா ரெண்டு மூண்டு மாசத்தில வீரியம் போயிடும். முஸ்லிம் வீட்டுக் கிணத்தையும் அளக்கிறதெண்டா அந்த வாப்பாவிட்ட கேட்டு, அவரையே நாடாவைப் பிடிக்கச் சொல்லுங்கோ.